பதினான்கு நாள் உண்ணாத மீன்



மீன் பார்த்தே குஞ்சு பொரிக்கும், ஆமை நினைத்தே பொரிக்கும், பறவை தொட்டுப் பொரிக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. குரு தம் மாணாக்கனுக்கு அருளும் மூவகைத் தீட்சைக்குச் சொல்லப்பட்ட உவமைகள் அவை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில் எங்கள் விரிவுரைஞர் ஒருவர் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுவார். உவமை அழகானது, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் பார்வையோடு நின்றுவிடாமல், முட்டைகளைத் தன் வாய்க்குள்ளேயே ஏற்று, பல நாள் பட்டினி கிடந்து, குஞ்சாக்கி வெளியே விடும் மீன் நம் நாட்டு மலையோடைகளிலேயே இருக்கிறது. அதிலும் அப்பணியைச் செய்வது தாய் அன்று, தந்தை.

அந்த மீனைத்தான் சில ஆண்டுகளாக என் வீட்டில் வளர்த்து வருகிறேன். ‘ஐயா வீட்டில் என்ன மீன் வளர்க்கிறீர்கள்?’ என்று பெற்றோர் சிலர் கேட்டுள்ளனர். பெயரைச் சொன்னால் முகம் மாறிவிடும். ‘சண்டைமீனா? அதை ஒரு போத்தலில் விட்டால் போதுமே, இத்தனை பெரிய தொட்டி எதற்கு?’ என்பார்கள். அவர்களுக்கு நின்று விளக்க நேரம் வாய்ப்பதில்லை. இங்கே விளக்குகிறேன்.

கடைகளில் போத்தலில் விற்கப்படும் வண்ணச் சண்டைமீன் சயாம் நாட்டுக்கு உரியது. நீரின் மேற்பரப்பில் நுரைக்கூடு கட்டி அதில் முட்டைகளைக் காப்பது அதன் வழக்கம். ஆனால் ‘பெட்டா’ என்னும் அப்பேரினத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி தென்கிழக்காசியாவின் ஓடைகளிலும் சதுப்புக் காடுகளிலும் வாழ்பவை; பல இனங்கள் வாயில் அடைகாப்பவை. ஓடும் நீரில் நுரைக்கூடு நிலைக்காது, ஆகவே வாயே கூடாயிற்று என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

என்னிடம் இருப்பது ‘பெட்டா புக்னாக்ஸ்’. கிழக்கிந்தியக் கும்பினியில் மருத்துவராகப் பணியாற்றிய டென்மார்க் நாட்டவர் தியோடர் கேண்டர், பினாங்கு மீனைக் கண்டு 1849ஆம் ஆண்டு இதற்குப் ‘புக்னாக்ஸ்’ என்னும் இனப்பெயரைச் சூட்டினார். இலத்தீனில் புக்னாக்ஸ் என்றால் சண்டை விரும்பி என்று பொருள். சயாமியச் சண்டைமீனுக்கும் நெடுங்காலம் அதே பெயர் வழங்கி வந்தது. 1910இல் ரீகன் என்னும் பிரித்தானிய அறிஞர் அதைப் பிரித்து ‘ஸ்பிளெண்டென்ஸ்’ என்று வேறு பெயர் கொடுத்தார். சண்டைக்காரனுக்கு அழகன் என்ற பெயர் போயிற்று. சண்டைக்காரன் என்ற பெயர் இந்தச் சாதுவிடம் தங்கிவிட்டது.

சாது என்று நான் சொல்வதற்குச் சான்று உண்டு. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் பின்புறம் ஓர் ஓடை இருந்தது. பேராக் மாநிலத்து மலையடிவாரம்; தெளிந்த நீர்; கரையோரம் சருகும் வேரும் மண்டிக் கிடக்கும். அச்சருகுக்கு அடியில்தான் இம்மீன் இருக்கும். பையன்கள் நாங்கள் இரண்டைப் பிடித்து ஹார்லிக்ஸ் போத்தலில் விட்டுச் சண்டைக்காகக் காத்திருப்போம். அவை செவுள்களை ஒருமுறை விரித்துக் காட்டும்; பிறகு ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கிக்கொள்ளும். ஏமாந்துபோய் ஓடையிலேயே விட்டுவிடுவோம். சண்டை போட்டிருந்தால் அவற்றின் கதி வேறாக இருந்திருக்கும்.

2021ஆம் ஆண்டு அக்டோபரில் மாநில எல்லை கடக்கும் தடை நீங்கியபின், அடுத்த மாதம் அண்ணன் வீட்டுக்குச் சென்றேன். அவர் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார். இருவருமாக அவ்வோடையில் இறங்கி ஆறு இளமீன்களைக் கொண்டுவந்தோம். அவை இரண்டு ஆண், நான்கு பெண் எனப் பிறகு வளர்ந்தபின் தெரிந்தது. ஆணின் தலை அகன்று, வாய் பெரிதாக இருக்கும். செதில்களில் பச்சையும் நீலமும் கலந்த மினுக்கம் மிகுந்திருக்கும். மற்றபடி பழுப்பு நிறம். வாங்கிச் செல்ல ஆள் வராத மீன். பெற்றோர் ஆசிரியர் சங்க நண்பர் ஒருவர், ‘இதை உண்ணலாமா, விற்கலாமா?’ என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

2022இல் அந்த ஓடையின் மேற்பகுதியில் குன்றை வெட்டத் தொடங்கினர், வீடமைப்புக்காக. அடுத்த முறை நான் போனபோது நீர் தே தாரேக் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் கரையில் நின்று, ‘இனி உன் தொட்டியில் இருப்பதுதான் மிச்சம்’ என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

இந்த இனம் தீபகற்பத்தின் பிற ஓடைகளிலும் வாழ்கிறது. அழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஓர் ஓடையின் மீனும் அடுத்த மலைக்கு அப்பால் உள்ள ஓடையின் மீனும் முற்றும் ஒன்றல்ல. நெடுங்காலமாகப் பிரிந்து வாழ்ந்தவை நிறத்திலும் வடிவிலும் சிறுசிறு வேறுபாடு கொள்ளும். அதனால்தான் காட்டு மீன் வளர்ப்போர் தொட்டியின்மீது ஓடையின் பெயரையும் பிடித்த நாளையும் எழுதி ஒட்டுவார்கள். ஓரோடை மீனை வேறோடை மீனோடு சேர்க்கமாட்டார்கள். என் தொட்டியில் ஒட்டியிருக்கும் சிறு தாளிலும் அவ்வோடையின் பெயர் உண்டு. நம் மாணவர்களின் பிறப்புப் பத்திரம் போல அதைப் பத்திரப்படுத்தி வருகிறேன்.

2023 தொடக்கத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நோயுற்று இறந்தன. மிஞ்சியது ஓர் ஆண், மூன்று பெண்.

வளர்க்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி ஓர் இணைக்குப் போதும். நீரில் குளோரின் இருக்கலாகாது. நம் நாட்டு வெப்பத்தில் சூடேற்றும் கருவி வேண்டா. மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீர் இம்மீனுக்கு ஏற்றது. அதற்காகவே காய்ந்த நாட்டு வாதுமை இலைகளை உள்ளே இடுகிறேன். கெத்தாப்பாங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் மரம், நம் பள்ளித் திடல்களிலேயே பல இடங்களில் நிற்பதுதான். இலை ஊறி நீர் தேநீர் நிறம் பெறும். பஞ்சு வடிகட்டி ஒன்று மெல்ல ஓடினால் போதும். மூடி மட்டும் மிக மிக இன்றியமையாதது. இம்மீன் தாவும், விரலளவு இடைவெளி போதும் அதற்கு. நீருக்கும் மூடிக்கும் இடையே சிறிது காற்று வெளியும் வேண்டும். இது மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும் மீன்.

உணவாகக் கொசுப்புழுவை விரும்பி உண்ணும். ஆனால் வீட்டில் கொசுப்புழு வளர்த்தால் 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்கீழ் தண்டம் கட்ட நேரிடும். டிங்கிக் காய்ச்சலைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்திவிட்டு வீட்டில் வாளியில் புழு வளர்ப்பது ஆசிரியருக்கு அழகுமன்று. உறைய வைத்த இரத்தப்புழுவைக் கடையில் வாங்கிக் கொள்கிறேன். மழைக்கால மாலைகளில் விளக்கைச் சுற்றும் ஈசல் கிடைத்தால் அன்று அவற்றுக்கு விருந்து.

இனி, முட்டையிடும் காட்சி. ஆண் தன் உடலை வளைத்துப் பெண்ணைச் சுற்றி அணைத்துக்கொள்ளும். சிறு வெண்ணிற முட்டைகள் ஆணின் அடித்துடுப்பின் மேல் விழும். அணைப்பு விலகியதும் பெண் அவற்றை ஒவ்வொன்றாகத் தன் வாயால் பொறுக்கும். பிறகு ஆணின் முகத்துக்கு நேரே வந்து நின்று ஒரு முட்டையைத் துப்பும். ஆண் அதைக் கவ்விக்கொள்ளும். மீண்டும் ஒன்று. சில வேளை ஆண் சற்றுத் தயங்கினால் பெண்ணே விரைந்து அதை வாங்கிக்கொண்டு மறுபடியும் துப்பும். கூடத்தில் அமர்ந்து பூப்பந்து பார்ப்பது போலிருக்கும். பல மணி நேரம் இப்படியே நடக்கும். எல்லாம் முடிந்ததும் ஆணின் தாடை தொங்கிப் பருத்திருக்கும். அன்று முதல் அது உண்ணாது. வாய்க்குள் முட்டைகளை அவ்வப்போது புரட்டிக்கொண்டே, இலைக்கடியில் அசையாது நிற்கும்.

நம் தொடக்கப்பள்ளி அறிவியலில் ‘விலங்குகளின் நீடுநிலவல்’ என்று ஒரு தலைப்பு உண்டு. மீன் தன் குஞ்சுகளை வாயில் வைத்துக் காக்கும் என்பது அதில் ஒரு வரி. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்படும்வரை அந்த ஒரு வரியை எத்தனை மாணவர்களுக்கு மனனம் செய்யக் கொடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்த ஒரு வரிக்குள் எத்தனை நாள் பட்டினி இருக்கிறது என்பது இந்த மீனைப் பார்த்தபின்புதான் எனக்கு உறைத்தது.

2023 மார்ச்சில் முதன்முறை ஆணின் வாய் நிறைந்தது. இரண்டாம் நாள் காலை பார்த்தால் தாடை பழையபடி ஒட்டியிருந்தது. விழுங்கிவிட்டது. மே மாதம் நான்கு நாள் தாங்கியது. சூலையில் ஏழு நாள். ஒவ்வொரு முறையும் அதற்குப்பின் இரை தேடி வந்து நிற்கும். இளம் ஆண் மீன்களிடம் இது வழக்கமே. கருவுறாத முட்டைகளாக இருந்தாலும், அச்சம் ஏற்பட்டாலும், உடலில் வலுக் குறைந்தாலும் விழுங்கிவிடும். கொடுமை என்று சொல்ல ஒன்றுமில்லை. வாயில் இருப்பதை இழக்கத்தான் போகிறோம் என்றால் அதைத் தன் உடலுக்கே திருப்பி எடுத்துக்கொள்வது ஓடையில் வாழும் உயிருக்கு உகந்த கணக்கு. ஆனால் என் கணக்கு வேறு. இருப்பது ஓர் ஆண். ஒவ்வொரு பட்டினிக்குப் பிறகும் அதன் முதுகு மெலிந்துகொண்டே வந்தது.

செப்டம்பரில் நான்காம் முறை வாய் நிறைந்தது. மீன்கடைத் தவுக்கேயிடம் சொன்னேன். ஆப்பிரிக்க மீன்களை வளர்த்து இனப்பெருக்கம் செய்வதில் தேர்ந்தவர் அவர். ‘சிக்கு, இந்த முறையும் விழுங்கினால் அடுத்த முறை இருக்குமா தெரியாது. ஐந்தாம் நாள் வாயைத் திறந்து முட்டைகளை எடுத்துவிடுங்கள்’ என்றார். முட்டைகளை நீரோட்டத்தில் உருட்டிக்கொண்டே இருக்கும் கண்ணாடிக் குழாய் ஒன்றையும் கொடுத்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வாயில் அடைகாக்கும் ஆப்பிரிக்க மீன்களுக்குப் பலரும் அப்படித்தான் செய்கின்றனர்.

குழாயை வாங்கி வந்தேன். மூன்று இரவு அதைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தேன். எடுத்தால் முட்டைகள் பூஞ்சை பிடித்துக் கெடலாம்; ஆணும் அந்தப் பதற்றத்தில் இறந்துபோகலாம். எடுக்காவிட்டால் விழுங்கலாம். எது நடந்தாலும் அந்த ஓடையின் கதை என் கூடத்தில் முடியும். என் துணைவியார் தாம் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டே, ‘அதன் வாயில் இருப்பது அதனுடையது. நீங்கள் கை வைக்காமல் இருங்கள்’ என்றார். நான் வாதிட்டேன். அவர் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. கண்ணாடிக் குழாய் இன்றும் உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

இணைந்த பெண்ணை மட்டும் உடன் இருக்க விட்டு, மற்ற இரண்டையும் வேறு தொட்டிக்கு மாற்றினேன். அந்தப் பெண் மீன் ஆண் ஒதுங்கியிருந்த மூலைக்கு முன்னால் காவலாளி போல உலவிக்கொண்டிருந்தது. தொட்டியின் மூன்று பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டினேன். விளக்கு இல்லை. நீர் மாற்றவில்லை. அதற்குமேல் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இந்த மீன் வளர்ப்பில் மிகக் கடினமான பகுதி அதுதான். நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்குச் சொல்லவே வேண்டா. பிள்ளை பென்சிலைப் பிடித்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே விடையைச் சொல்லிவிடும் கூட்டம் நாம்.

அந்நாள்களில் மூன்று வீடு தள்ளி வசிக்கும் எங்கள் பள்ளி மாணவன் ஒருவன் மாலை வேளைகளில் எங்கள் வீட்டில் இருப்பான். நான்காம் ஆண்டு, குறைநீக்கல் வகுப்புக்கு வருபவன். அவன் தாயார் தொழிற்சாலையில் மாலை ஏழு மணிவரை வேலை செய்தார். மீனைத் தொந்தரவு செய்யாமல் உட்கார முடியுமா என்று கேட்டேன். தலையாட்டினான். கறுப்புத் தாள் ஒட்டாத பக்கத்தில் ஆறடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, நான் கொடுத்த பயிற்சிப் புத்தகத்தில் நாளொன்றுக்கு ஒரு வரி எழுதினான். முதல் நாள், ‘வாய் பெரிசு’. இரண்டாம் நாள், ‘சாப்பிடல’. மூன்றாம் நாளும் அதுவே. பிழையை நான் திருத்தவில்லை. ஐந்தாம் நாள், ‘பொம்பள மீன் சாப்பிட்டது. ஆம்பள மீன் பாத்துச்சி’ என்று எழுதியிருந்தான். நானும் அதே இடத்தில்தான் இருந்தேன். ஆனால் எனக்கு அது கண்ணில் படவில்லை. மறுநாளிலிருந்து பெண்ணுக்கு இரையைத் தொட்டியின் மறுகோடியில், மிகக் குறைவாக இட்டேன்.

எட்டாம் நாள் ஒரு கேள்வி கேட்டான். ‘ஐயா, அம்மா மீன் ஏன் வாயில வச்சுக்கல?’ பாடநூலில் இல்லாத கேள்வி. திலாப்பியாவில் தாய்தான் வைத்துக்கொள்ளும், நம் நாட்டுக் கெலிசாவில் தந்தை வைத்துக்கொள்ளும், சந்தையில் நாம் வாங்கும் கடற்கெளுத்தியிலும் தந்தைதான், அதன் முட்டை கோலிக்குண்டு அளவு இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். தந்தை காத்தால் தாய் உண்டு தேறி அடுத்த முட்டைகளுக்கு ஆயத்தமாகலாம் என்றும் சொன்னேன். அவன் சற்று நேரம் பொறுத்து, ‘எங்க வீட்ல அம்மா மட்டுந்தான்’ என்றான். அதற்கு நான் எதுவும் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை, மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழாம் நாள் கடந்ததும் எனக்கு உறக்கம் குறைந்தது. பத்தாம் நாள், மீனின் தலை பெரிதாகவும் உடல் கத்தி போல மெலிந்தும் தெரிந்தது. மேலே வந்து காற்றை எடுத்துக்கொண்டு, நேராக இலைக்கடியில் போய்விடும். பன்னிரண்டாம் நாள் அவன் புத்தகத்தில் ஒரே சொல் இருந்தது. ‘கண்’. என்னவென்று கேட்டபோது விரலால் காட்டினான். ஆண் வாயைச் சற்றே திறந்து புரட்டியபோது, உள்ளே கரும்புள்ளிகள். முட்டைகள் அல்ல, கண்கள்.

பதினான்காம் நாள் பிற்பகல் நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது மிதக்கும் செடியின் வேர்களுக்கிடையே குஞ்சுகள் நின்றன. அரைச் சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆனால் முழு மீன் வடிவம். நான் 31 என்று எண்ணினேன். துணைவியார் 29 என்றார். பையன் 27க்கு மேல் எண்ண மறுத்துவிட்டான்; அசைவதை எண்ணக் கூடாதாம். ஆண் மீனுக்கு அன்று மாலை மூன்றே மூன்று இரத்தப்புழு கொடுத்தேன். ஒன்றைத் தின்றது. மற்றவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றது. மறுநாள் நன்றாகத் தின்றது.

குஞ்சுகளை வளர்ப்பது எளிது. உவர்நீர் இறாலின் முட்டைகளைக் கடையில் விற்கிறார்கள். கவிழ்த்த பிளாஸ்டிக் போத்தலில் உப்புநீர் ஊற்றிக் காற்றுக்குழாய் விட்டால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்துவிடும். அதை முதல் நாளிலிருந்தே குஞ்சுகள் உண்ணும். 24 குஞ்சுகள் பெரியவையாயின.

அந்தப் பையனின் வாசிப்பு இதனால் முன்னேறிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவ்வாண்டு இறுதி மதிப்பீட்டிலும் அவன் பின்தங்கியே இருந்தான். அந்தப் பயிற்சிப் புத்தகத்தை அவன் தாயாரிடம் காட்டினேன். அவர் நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். ‘இவ்வளவும் அவனே எழுதினானா ஐயா?’ என்று கேட்டார். மொத்தம் பதினான்கு வரி. புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

2024இல் அண்ணனோடு மறுபடியும் ஓடைக்குப் போனேன். கரை இருந்த இடத்தில் கான்கிரீட் கால்வாய். சருகு இல்லை, வேர் இல்லை. குஞ்சுகளைக் கொண்டுபோய் வேறு தெளிந்த ஓடையில் விட்டுவிடலாமே என்று நண்பர்கள் சொல்கின்றனர். நல்லெண்ணம்தான்; ஆனால் செய்யத்தகாதது. தொட்டியில் வளர்ந்த மீன் நோயைச் சுமந்து செல்லக்கூடும். அங்கே முன்பே வாழும் மீனோடு கலந்து அதன் தனித்தன்மையையும் கெடுக்கும். இதை வாசிக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகள் வளர்த்து அலுத்த எந்த மீனையும் ஆற்றிலோ குளத்திலோ விடாதீர்கள், கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

அந்த முதல் ஆண் 2025இல் இறந்தது. அதற்குள் மேலும் இரண்டு முறை வாய் நிறைந்து, இரண்டு முறையும் விழுங்காமல் விட்டது. அதன் மகன்களில் ஒன்று இப்போது வாய் நிறைய வைத்துக்கொண்டு நிற்கிறது. இன்று மூன்றாம் நாள்.

வளர்ந்த மீன்கள் சில என்னிடம் மிகுதியாக உள்ளன. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்திருப்பது நல்லதன்று என்பதால், விரும்புவோருக்கு ஓர் இணை தரலாம் என்றிருக்கிறேன். பள்ளி அறிவியல் அறைக்கு வேண்டுமானாலும் தருவேன். விலை இல்லை. மூடியுள்ள தொட்டி, வேறு எந்தச் சண்டைமீனோடும் சேர்க்காமை, ஓடையின் பெயர் எழுதிய தாளைக் கிழிக்காமை, இவை மூன்றும் நிபந்தனை. போத்தலில் வைக்க விரும்புவோர் கேட்க வேண்டா.